கீரி வழுக்கிய வளைவு

அக்டோபர் 14, திங்கள்

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பன்னிரண்டு வருடம் ஆகிறது.

குணபாலன் டயர் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் ரப்பர் கலவைப் பிரிவில் இருந்தேன். அதில் ஒன்பது வருடம் பிரிவுத் தலைவன். கடைசி வருடம் என் மேஜையைக் கழிவறை வாசலுக்குப் பக்கத்தில் மாற்றினார்கள். வெளியே வந்தபோது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பின்தங்கும். மழையில் நனைந்த மலைப்பாதையைக் கவ்விப் பிடிக்கும் என்று நான் எழுதிக் கொடுத்த நாற்பத்தேழாம் எண் கலவையை, சந்தை இல்லை என்று மூன்று வரிக் கடிதத்தில் ஒதுக்கினார்கள். இன்று அதே கம்பெனி மலைச் சைக்கிளுக்கு ‘கீரி’ என்று ஒரு டயர் விற்கிறது. செய்தவள் ஜெனோவா. என்னிடம் பயிற்சிக்கு வந்து, என் நோட்டைப் பார்த்து எழுதப் பழகி, நான் போனபின் என் நாற்காலியில் உட்கார்ந்தவள். கலவை யாருடையது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

நேற்று இங்கே கோத்தகிரியில் மலைச் சைக்கிள் பந்தயம். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஓடை வரை இறங்கும் பாதையில், சில்வர் ஓக் வேர்கள் குறுக்கே ஓடும் வளைவில், மூன்று பேர் அடுத்தடுத்து விழுந்தார்கள். அவர்களில் லிங்கேஷ் என்ற பையனுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. மூவரும் எங்கள் ஊர்ச் சைக்கிள் கழகத்தவர்கள். மூவர் சைக்கிளிலும் கீரி. பல் டாக்டர் உதயசங்கரும் அங்கேயே விழுந்தார், ஆனால் அவர் எப்போதும் விழுகிறவர். டயரும் வெளிநாட்டுடையது. கணக்கில் வராது. பெங்களூரிலிருந்து வந்தவர்களில் ஒருவர்கூட விழவில்லை.

என்னிடமும் ஒரு ஜோடி கீரி இருக்கிறது. செப்டம்பரில் வாங்கி, போன வாரம் மாட்டினேன். எதிராளியின் சரக்கு கைவசம் இருப்பது நல்லது. நாளை நானே இறங்கிப் பார்க்கப் போகிறேன். பிறகு எழுதுவேன்.

ஆயுத பூஜைச் சந்தனம் ஸ்கூட்டரிலும் சைக்கிளிலும் இன்னும் காய்ந்து கிடக்கிறது. துடைக்க வேண்டும். கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

காலை ஆறரைக்குக் கிளம்பினேன். பாதை தொடங்கும் இடம் வீட்டிலிருந்து இருநூறு அடி, தள்ளிக்கொண்டே போனேன். காற்று முன்னால் இருபத்திரண்டு, பின்னால் இருபத்து நான்கு பி.எஸ்.ஐ. என் எடை எழுபத்து நான்கு கிலோ. இரவு பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. சோதனைக்கு இதைவிட நல்ல காலை கிடைக்காது.

பாதை நான்கு கிலோமீட்டர். முதலில் செம்மண், பிறகு கற்பூர மரத் தோப்பின் சருகு, அதன்பின் வேர் வளைவு, கடைசியில் ஓடைக்கு முன்னால் கரும்பாறைச் சரிவு. செம்மண்ணின் முதல் திருப்பத்திலேயே முன் சக்கரம் நழுவியது. சருகில் இரண்டு முறை. வேர் வளைவில் சைக்கிள் எனக்குக் கீழிருந்து போயே விட்டது, சோப்புத் தரையில் செருப்பு போவது போல. இடது முழங்கை உரிந்தது. பாறைச் சரிவில் மட்டும் ஒருவாறு நின்றது. பாறையில் எந்த டயரும் நிற்கும்.

வீட்டுக்கு வந்தபோது பகவதி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மணமான இந்த இருபத்தாறு வருடமும் என் விடைத்தாளையும் அவளே திருத்துகிறாள்.

“என்ன, சோதனை முடிஞ்சிதா?”

“டயர் தோத்துப்போச்சு.”

“ரத்தம் ஒங்களுக்குல்லா வருது. டயருக்கு ஒண்ணும் ஆகலயே.” பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். “பூஜைக்கு மினுமினுன்னு மினுக்கி வச்ச சைக்கிளு. நாலு நாள் தாங்கல.”

வலி இல்லை. மனம் லேசாக இருந்தது.

அக்டோபர் 16, புதன்

நீலமலைச் சைக்கிள் குழுவின் முகநூல் பக்கத்தில் பதிவிட்டேன். ஒன்பதாயிரம் பேர் இருக்கிற குழு. தலைப்பு: ‘கீரி — ஒரு ரப்பர் பொறியாளரின் தீர்ப்பு’. காற்றழுத்தம், எடை, ஈரம், வழுக்கிய நான்கு இடங்கள், எல்லாம் எண்ணிக்கையோடு எழுதினேன். கடைசி வரி: “ஈரப் பாதையில் இந்த டயரை நம்பாதீர்கள். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன். இரா. கோமதிநாயகம்.”

மாலைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு விருப்பங்கள். எண்ணவில்லை, கண்ணில் பட்டது. டாக்டர் உதயசங்கரே, என்னை ஒருமுறை ‘டயர் மாமா’ என்று குழுவில் எழுதியவரே, “சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று போட்டிருக்கிறார்.

கேஸ் சிலிண்டர் பதிந்தாயிற்று.

அக்டோபர் 17, வியாழன்

நாள் முழுக்க மழை. விருப்பங்கள் அறுநூறைத் தாண்டிவிட்டன.

அக்டோபர் 19, சனி

பதிவின் இரண்டாம் பகுதிக்குப் படம் தேவைப்பட்டது. கைப்பேசியை வேர் வளைவுக்கு எதிரே ஒரு கல்லில் சாய்த்து வைத்துவிட்டு மேலேறி வந்து இறங்கினேன். முன் சக்கரம் லேசாக ஆடியது, விழவில்லை. மறுபடி மேலேறி இறங்கினேன். ஆடவும் இல்லை.

ஆறு முறை இறங்கினேன். கடைசி இரண்டு முறை வேண்டுமென்றே வளைவின் நடுவில் முன் பிரேக்கைப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் எந்த டயரும் வழுக்கும். கீரியோ கொஞ்சம் திரும்பியது, பிடித்து நின்றது. இரண்டு நாள் மழை குடித்து ஊறிய வேர்கள். அவற்றின்மேல் ஏறிப் பார்த்தபோது என் செருப்பு வழுக்கியது.

படத்தைப் பகவதி பார்த்தாள். “இதுல எங்க விழுறீங்க?”

“விழல.”

“அப்ப இதப் போடப்போறதில்ல.”

கைப்பேசியை வாங்கிப் பையில் போட்டேன். மழைக்கோட்டின் ஜிப் பழுதாகிவிட்டது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 21, திங்கள்

மூன்றாம் முறை. நடந்ததை நடந்தபடி எழுதித்தான் ஆக வேண்டும், இது என் நோட்டு, குழுவின் பக்கம் அல்ல.

செம்மண்ணில் இந்த டயர் சேற்றை வாரிக்கொண்டு போகவில்லை. டயரின்மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு இடையில் போகும் சேறு அரைச் சுற்றில் தெறித்து வெளியே வந்துவிடுகிறது. நடுக்கட்டைகள் தாழ்வாக, நெருக்கமாக இருப்பதால் நேர் ஓட்டத்தில் இழுவை குறைவு. ஓரக்கட்டைகள் உயரமாக, அடிப்பக்கம் அகலமாக இருப்பதால் சைக்கிளைச் சாய்க்கும்போது அவை மடங்குவதில்லை. சாய்க்கச் சாய்க்கப் பிடி கூடுகிறது. பிடி விடப்போகிறது என்றால் முன்கூட்டியே கைப்பிடியில் ஒரு சிறு நடுக்கமாகச் சொல்கிறது. திடீரென்று விடுகிற டயர்தான் ஆளைக் கொல்லும். இது சொல்லிவிட்டு விடுகிறது. கரும்பாறையில் கீழிருந்து மேலே ஏறிப் பார்த்தேன், என் வயதில் யாரும் செய்யாத காரியம். ஈரப் பாறையில் நின்றபடி மிதித்தும் பின் சக்கரம் ஒரு முறைகூடச் சுழலவில்லை.

அப்படியானால் 15ஆம் தேதி நடந்தது என்ன? புது டயரில் அச்சிலிருந்து எளிதாகக் கழற்றப் பூசும் திரவம் ஒட்டியிருக்கும், முதல் சில கிலோமீட்டர் வழுக்கும். அது தெரியாதவனா நான்? மாட்டும்போதே சோப்புப் போட்டு, பிரஷ் வைத்துத் தேய்த்துவிட்டேன். ஆகவே அது இல்லை.

என் கலவையாக இருப்பதால்தான் இவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது. அதில் சந்தேகமில்லை. திருடினாலும் நல்லதாகத் திருடியிருக்கிறாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

நாற்பத்தேழில் வெள்ளைச் சிலிக்கா நிறைய உண்டு. எரித்தால் வெள்ளைச் சாம்பல் குவியலாக மிஞ்சும். ஓரக்கட்டை ஒன்றிலிருந்து ஒரு சீவல் வெட்டி, எவர்சில்வர் கரண்டியில் வைத்து, கொல்லையில் பழைய ஸ்டவ்வில் எரித்தேன்.

சாம்பல் மிகக் குறைவு. கரண்டி வீணாயிற்று.

அக்டோபர் 24, வியாழன்

மத்தியானம் ஜெனோவா கூப்பிட்டாள். பன்னிரண்டு வருடம் கழித்து அதே குரல், அதே தூத்துக்குடி இழுப்பு.

“சார், ஜெனோவா பேசுறேன். நல்லாருக்கீங்களா சார்? மேடம் சொகமா இருக்காங்களா?”

“இருக்கோம்.”

“உங்க பதிவப் படிச்சேன் சார்.”

“படிக்கத்தானே போட்டேன்.”

அவளுக்குப் பின்னால் கலவை யந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. எந்த யந்திரம் என்றுகூட எனக்குத் தெரிந்தது, இரண்டாம் எண், இடது பக்கம் கொஞ்சம் இருமும்.

“ஒரு வாரமா லேப்ல வழுக்க வைக்கப் பாக்குறோம் சார். தண்ணி ஊத்தியாச்சு, சேறு பூசியாச்சு, பாசி புடிச்ச பலகைய எங்க வீட்டுக் கெணத்தடில இருந்து கொண்டாந்து போட்டாச்சு. வழுக்க மாட்டேங்குது. உங்களுக்கு எப்பிடி சார் வழுக்குச்சு?”

“எம்.டி. என்ன சொல்றார்?”

“கோமதிநாயகமே எழுதிட்டாரு, அதுக்கு மேல என்ன சோதனைன்னுட்டாரு. விக்கிறத நிறுத்தியாச்சு சார். வர்ற நாலாம் தேதி காலைல பத்து மணிக்கு மீட்டிங். காரணம் காட்டலன்னா டயரும் போவுது, நானும் போறேன்.”

எம்.டி. என் கருத்தை ஏற்றுக்கொண்டது இதுதான் முதல் முறை.

“அது நாப்பத்தேழுதானே?” என்று கேட்டேன்.

“எது சார்?”

“கீரி. என் கலவை.”

“இல்ல சார். நாப்பத்தேழ நீங்க போனப்புறம் மூணு தடவ செஞ்சு பாத்தேன். குளிர்ல கல்லாயிருது. ஊட்டில காலைல ஓட்டிப் பாத்தோம், கட்டையெல்லாம் அடில கீறிருச்சு. அதுக்கப்புறந்தான் வேற வழில போனேன்.” பிறகு, ஏதோ நான் கோபித்துக்கொள்வேன் என்பது போல வேகமாகச் சொன்னாள்: “ஆனா ரிப்போர்ட்ல உங்க பேரு இருக்கு சார். ஈரத்துக்குன்னு தனிக் கலவை வேணுங்கிற மொத யோசனை சாரோடதுன்னு மொதப் பக்கத்துலயே போட்ருக்கேன்.”

“பாக்குறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவள் பழைய விஷயம் எதையும் எடுக்கவில்லை. 2012 மார்ச்சில் ஸ்கூட்டர் டயர் வெடிப்பு விசாரணையில் அவளுக்கு மெமோ கொடுத்தார்கள், ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. அச்சில் டயரை வேகவைக்கும் நேரத்தைப் பன்னிரண்டு நிமிடத்திலிருந்து பத்தாகக் குறைக்கச் சொன்னது யார் என்று விசாரணையில் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இரவுக்குச் சப்பாத்தி. சாப்பிடவில்லை.

அக்டோபர் 26, சனி

ஸ்கூட்டரும் சைக்கிளும் சேறாகிக் கிடந்தன. போஜராஜின் வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். சைக்கிளைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து டீக்கடையில் சிரித்தார்கள், யார் யார் என்று பார்த்து வைத்தேன்.

“வாங்க சார்,” என்றார் போஜராஜ். “சைக்கிளா, எருமையா இது?”

பம்பை வைத்து அடித்துச் சேற்றையெல்லாம் கழற்றினார். பிறகு ஒரு பிளாஸ்டிக் மக்கையும் ஸ்பாஞ்சையும் எடுத்து வந்து சக்கரத்தின் முன்னால் குந்தினார். மக்கில் இருந்தது தண்ணீர் போலவும் இல்லை, எண்ணெய் போலவும் இல்லை. பூ வாசனை.

“அது என்ன?”

“பாலிஷ் சார். பூஜைக்குப் போட்டேனே, அதேதான். டயர் கண்ணாடி மாதிரி இருக்குன்னு நீங்ககூடச் சொன்னீங்க.”

சொன்னேன். எனக்கு நினைவிருக்கிறது.

“இதுல என்ன கலக்குறீங்க?”

“சிலிக்கான் எண்ணெய் சார், கோயம்புத்தூர்ல இருந்து வருது. கொஞ்சம் கிளிசரின். வாசனைக்கு ஒரு மூடி சென்ட்டு. காரு, பைக்குன்னா பக்கவாட்டுல மட்டும் தடவுவேன், ரோட்டுல படுற எடத்துல தடவுனா வழுக்கும்ல? சைக்கிளுக்கு எங்க சார் பக்கவாட்டு இருக்கு, விரல் அகலம். முழுசா ஒரு சுத்து சுத்தி விட்ருவேன்.”

ரப்பரை மோந்தே கலவை சொல்லுகிற மூக்கு இது. பூஜையன்று இந்தப் பூ வாசனையை நான் மோந்தேன். ஊதுபத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

“பூஜைக்கு யார் யாருக்குப் போட்டீங்க?”

“கழகத்து சைக்கிள் பூரா சார், பதினாலு. காசே வாங்கல. ஞாயித்துக்கிழம பந்தயம், போட்டோ எடுப்பாங்க, மினுக்கா இருக்கட்டும்னு. அழுக்காயிரும்னு ரோட்டுல ஒரு அடி உருட்ட விடல, அப்பிடியே பிக்கப் வண்டில ஏத்தி மேல கொண்டு எறக்குனோம்.”

“பல் டாக்டருக்கு?”

“அவருக்கு ரெண்டு கோட்டு. கேட்டு வாங்குனாரு.”

என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்பாஞ்சை மக்கில் போட்டுவிட்டு எழுந்தார். “என்ன சார்?”

சொன்னேன். சைக்கிள்கள் சாலையில் ஓடியிருந்தால் பூச்சு தேய்ந்து போயிருக்கும். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனதால் அத்தனையும் டயரிலேயே இருந்தது. மழை ஈரம் அதோடு சேர்ந்தது. கழகத்தில் பெரும்பாலானவர்களிடம் கீரிதான், உள்ளூர்க் கடையில் அதுதான் கிடைக்கிறது. பெங்களூர்க்காரர்கள் யாரும் பூஜைக்கு இவரிடம் வரவில்லை.

போஜராஜ் கவிழ்த்திருந்த பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்தார். பாலிஷ் ஒட்டிய கையைத் துணியில் துடைத்தார்.

“லிங்கேசு எங்க ஊர்ப் பையன் சார். பூஜையன்னிக்கு நான்தான் அவனுக்குப் பொட்டு வச்சு அனுப்புனேன்.” பிறகு, “எழுதுறதா இருந்தா என் பேரப் போட்டே எழுதிருங்க. தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா செஞ்சது நான்தானே.”

அதிகம் படிக்காதவர். யோசிக்காமல் பேசுகிறார்.

ஒரு பாட்டிலில் பாலிஷ் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. கொல்லையில் ஏற்பாடு செய்தேன். சில்வர் ஓக் பலகை ஒன்று, தண்ணீர் ஊற்றி நனைத்தது. சைக்கிளின் முன் சக்கரம், சுழலாதபடி கயிற்றால் கட்டியது. மேலே பத்துக் கிலோ அரிசிப் பை. இழுக்க ஸ்பிரிங் தராசு. எத்தனை கிலோ இழுவையில் சக்கரம் வழுக்கத் தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. அறுபது லட்ச ரூபாய் யந்திரம் செய்கிற வேலையும் இதுதான், அதற்கு அரிசி மட்டும் தேவைப்படாது.

தராசை என்னைப் படிக்க விடாமல் பகவதியே படித்தாள். “நீங்க ஒங்களுக்கு வேண்டியதத்தான் படிப்பீங்க.”

பாலிஷ் இல்லாத கீரி, ஐந்து முறை: 8.2, 8.0, 8.3, 8.1, 8.1.

பாலிஷ் பூசி இரண்டு மணி நேரம் காயவிட்ட கீரி: 4.0, 4.1, 3.9, 4.1, 4.2.

பரணிலிருந்து என் பழைய டயரை, வேறு கம்பெனியுடையதை, இறக்கி மாட்டினேன். பாலிஷ் இல்லாமல் 7.1. பாலிஷோடு 3.8. எந்த டயராக இருந்தாலும் பாதிதான்.

சோப்புப் போட்டுக் கழுவிய கீரி: 6.9. பாதையில் ஒருமுறை முழுக்க இறங்கி வந்தபின்: 8.0.

பகவதி எண்களை வரிசையாக எழுதி, கீழே கோடு போட்டு, சராசரி எடுத்தாள். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “அப்ப அந்த ஜெனோவாப் புள்ள மேல தப்பில்ல” என்றாள்.

“இல்ல.”

“சொல்லிட்டீங்களா?”

“இன்னும் ரெண்டு தடவ செஞ்சு பாக்கணும்.”

“எதுக்கு? எனக்கே புரிஞ்சிருச்சே.”

அரிசிப் பையை அவளே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

இரண்டு தடவை செய்து பார்த்தேன். அதே எண்கள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கறிக்குழம்பு, இட்லி. எழுதவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

காலையில் ஜெனோவாவின் செய்தி. “தாமதமான தீபாவளி வாழ்த்துகள் சார். திங்கள் பத்து மணி. ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை.” கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை என்று சொல்ல இவள் யார்.

மழைக்கோட்டு தைத்து வந்துவிட்டது, ஜிப்பைத் தலைகீழாக வைத்திருக்கிறான். திருப்பிக் கொடுத்தேன். அப்படியே போஜராஜிடம் போய், ஒரு லிட்டர் பாலிஷை வாங்கி, எங்கள் எண்களின் நகலோடு கட்டி, பார்சல் ஆபீஸுக்குப் போனோம். கம்பெனி லேபின் முகவரியை மனப்பாடமாகச் சொன்னேன். நாளை இரவுக்குள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் லேப் திறந்திருக்கும், ரப்பர் சோதனை அடுப்பைப் பார்க்க ஒருவர் வருவார், அது நான் ஏற்படுத்திய வழக்கம். எடுத்துப் பூசிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

அனுப்புநர் பெயர் கேட்டார்கள். நான் பர்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். போஜராஜ் தன் பெயர், அப்பா பெயர், கடை, போன் நம்பர் எல்லாம் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் பார்சல் மட்டும் போதாது. விற்பனையை நிறுத்தியது குழுவில் வந்த பேச்சு. அதை ஒன்பதாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். லேப் சொல்வதைக் கம்பெனியின் சாக்கு என்பார்கள். மலையிலிருந்து ஒருவன் சொல்ல வேண்டும்.

இரவு பகவதியிடம் சொன்னேன், எழுதப்போகிறேன் என்று.

“பேரு போட்டா?”

“யோசிக்கணும்.”

“மொதப் பதிவுக்கு யோசிக்கலயே.”

“அது வேற.”

“என்ன வேற? அதுல தப்பு இருந்துது, பேரும் இருந்துது. இதுல சரி இருக்கு, பேரு கிடையாது. எங்க ஸ்கூல்ல புள்ளைங்க தலகீழா செய்வாங்க. ஃபெயிலானாத்தான் பேரெழுத மறந்து போவும்.”

டி.வி.யைப் போட்டேன்.

நவம்பர் 2, சனி

காலையிலிருந்து எழுதி, மத்தியானம் முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் எழுதிய அறிக்கைகளில் இதுபோல ஒரு சொல்லும் அதிகமில்லாதது வேறில்லை.

முதல் பாதி சோதனை. பலகை, கயிறு, அரிசிப் பை, தராசு, பாலிஷ், அளந்த எண்கள் எல்லாம். செய்முறையை யார் வேண்டுமானாலும் தன் கொல்லையில் அரை நாளில் செய்து பார்க்கும்படி எழுதியிருக்கிறேன். பாலிஷ் போட்டவர் யார் என்று எழுதவில்லை. அவர் கேட்டுக்கொண்டும் எழுதவில்லை. ஆயுத பூஜைக்கு எந்த ஊர் சர்வீஸ் கடையிலும் இதுதான் நடக்கிறது, ஒருவர் தலையில் கட்ட வேண்டியதில்லை. பந்தயத்துக்குப் போகிறவர்கள் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், மாலை போடுங்கள், டயர் தரையில் படும் இடத்தில் மட்டும் பாலிஷ் படவிடாதீர்கள் என்று எழுதினேன்.

இரண்டாம் பாதி டயர். செம்மண்ணில் சேற்றை உதறுவது, சாய்க்கச் சாய்க்கப் பிடி கூடுவது, விடுமுன் கைப்பிடியில் சொல்லிவிடுவது, ஈரப் பாறையில் ஏறியது. பின் டயரில் நடுக்கட்டைகள் கொஞ்சம் சீக்கிரம் தேயும் என்று நினைக்கிறேன், அதையும் எழுதினேன். குறை ஒன்றும் இல்லை என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். கடைசியில்: “நம் மழைக்கு, நம் மண்ணுக்கு, நம் ஊரில் செய்யப்பட்ட மலைச் சைக்கிள் டயர்களில் நான் ஓட்டியவற்றுள் இதுவே சிறந்தது. இதைச் செய்தவருக்குத் தொழில் தெரியும்.” அந்த வாக்கியத்தை இரண்டு முறை அழித்தேன், மூன்று முறை எழுதினேன்.

அதற்குப் பிறகும் ஒரு விஷயம் மிச்சமிருந்தது. யாராவது கீழே வந்து, கோமதிநாயகம் சார் வேறு மாதிரி சொன்னாரே என்று கேட்பார்கள். டாக்டரே கேட்பார். அறுநூறு பேருக்கு மேல் விரும்பிய பதிவு அங்கே அப்படியே இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் ஏன் எடுத்தார் என்பார்கள். ஆகவே ஒரு பத்தி சேர்த்தேன்:

“16ஆம் தேதி இதே பக்கத்தில் வந்த ‘தீர்ப்பு’ தவறானது. அதை எழுதியவர் பூஜைப் பாலிஷ் போட்ட டயரோடு பாதையில் இறங்கினார். நாலு நாள் கழித்து அதே வளைவில் ஆறு முறை இறங்கியும் விழவில்லை; அந்தப் படத்தை அவர் வெளியிடவில்லை. இவை எனக்கு நேரில் தெரியும். டயர் வழுக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அனுபவத்தில் குறையில்லை, அன்று அவர் பார்த்தது டயரை அல்ல.”

பகவதி பின்னால் நின்று படித்தாள். காபி டம்ளரை மேஜையில் வைத்தாள்.

“இந்த ஆளு மேல ரொம்பக் கோவமோ எழுதுனவருக்கு?”

“தகவல்தான் எழுதியிருக்கு.”

“நல்லாருக்கு. அந்தப் புள்ள பொழச்சிக்கும்.” திரையின் அடியைக் காட்டினாள். “பேரு?”

பெயர் போட்டால் பேச்செல்லாம் என்னைப் பற்றியே போகும். டயரை மறந்துவிடுவார்கள். மன்னிப்புக் கேட்டார் என்பார்கள், மனம் திருந்தினார் என்பார்கள், உதயசங்கர் கை தட்டுகிற படம் போடுவார். எம்.டி. போன் செய்வார். ஜெனோவா நன்றி சொல்வாள், அதற்கு நான் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும், பிறகு அவள் வேறு ஏதாவது கேட்கலாம். எண்கள் சரியாக இருக்கின்றன. செய்து பார்க்கிறவனுக்கு என் பெயரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. படித்தவுடன் அவளுக்குத் தெரிந்துவிடும், ஐந்து முறை அளந்து ஒரு தசமத்தில் எழுதுகிறவன் வேறு யாரும் அவளுக்குத் தெரியாது. தெரியட்டும். தெரிவது வேறு, நான் சொல்வது வேறு.

குழுவில் பெயர் காட்டாமல் பதிவிட ஒரு பொத்தான் இருக்கிறது. இதுவரை அதைப் பயன்படுத்துகிறவர்களைக் கோழைகள் என்றுதான் நினைத்து வந்தேன்.

மணி நாலரை. இப்போது போட்டால் திங்கள் பத்து மணிக்குள் எல்லோரும் படித்திருப்பார்கள். காபியைக் குடித்துவிட்டு, பெயர் இல்லாமல் போடுகிறேன்.